ஓ.எம். 654: சூட்டைக் கட்டி ஆளும் ஒரு டீசல் எஞ்சின்

மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் 2016-இல் தன் ஈ-கிளாஸ் காரில் வைத்து வெளியிட்ட ஓ.எம். 654 என்ற நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினின் எடை 168.4 கிலோ. அதற்கு முன் அதே இடத்தில் இருந்த ஓ.எம். 651 எஞ்சினின் எடை 202.8 கிலோ. கொள்ளளவு 2,143 கன சென்டிமீட்டரிலிருந்து 1,950 ஆகக் குறைந்தது; திறன் 125 கிலோவாட்டிலிருந்து 143 ஆக ஏறியது. முறுக்கு விசை 400 நியூட்டன் மீட்டர். இதைப் பொருத்திய ஈ 220 டி கார், ஐரோப்பியச் சோதனைச் சுழற்சியில் 100 கிலோமீட்டருக்கு 3.9 லிட்டர் டீசல் எடுத்துக்கொண்டது. அது சோதனைக்கூடத்துக் கணக்கு. ஊருக்குள் ஓட்டினால் அந்த மைலேஜ் கிடைக்காது என்பது கார் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். ஆனாலும் முந்தைய எஞ்சினோடு ஒப்பிட்டால் இது உண்மையாகவே எரிபொருளை மிச்சப்படுத்துகிறது.

எடை, கொள்ளளவு, திறன் என்ற இந்த எண்கள் விளம்பரத்தில் முன்னால் நிற்பவை. வடிவமைத்தவர்களின் உழைப்பு பெரும்பாலும் வேறிடத்தில் போயிருக்கிறது. சிலிண்டருக்குள் சூடு வேண்டும், சிலிண்டர் சுவரில் வேண்டாம். சுடரில் உச்சச் சூடு வேண்டாம், புகைக்குழாயில் மட்டும் போதிய சூடு வேண்டும். ஒன்றோடொன்று மோதும் இந்தத் தேவைகளை வைத்துப் பார்த்தால்தான் இந்த எஞ்சினின் பாகங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது விளங்கும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அது தானாகச் சூடேறும் அளவுக்கு நெருக்கி, அதன் மேல் எரிபொருளைப் பீய்ச்சுவதே அதன் முறை. ஓ.எம். 654-இல் சிலிண்டரின் விட்டம் 82 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 92.3 மில்லிமீட்டர். அழுத்த விகிதம் 15.5-க்கு 1. அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் 520 கன சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட காற்று, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது 34 கன சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைக் கடந்திருக்கும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள அதில் பாதியே போதும்.

ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையில் ஓட்டிக்காட்டிய எஞ்சினின் வெப்பத்திறன் 26.2 விழுக்காடு. அன்றைய நீராவி இயந்திரங்களால் அதன் பக்கத்தில்கூட வர முடியவில்லை. இன்றைய கார் டீசல் எஞ்சின்கள் தமக்கு மிகச் சாதகமான சுழற்சியில் 40 விழுக்காட்டைத் தாண்டுகின்றன. காருக்குள் டீசல் வந்தது 1936-இல், மெர்சிடிஸ் 260 டி என்ற வண்டியில். பிறகு அரை நூற்றாண்டுக்குக் கார் டீசல்கள் முன்னறை முறையிலேயே ஓடின: எரிபொருள் முதலில் ஒரு சின்ன அறையில் பற்றி, அங்கிருந்து சிலிண்டருக்குள் பாயும். சத்தம் குறையும், ஆனால் அந்தச் சின்ன அறையின் சுவர் வழியாகவே வெப்பத்தின் ஒரு பங்கு வீணாகும். 1988-இல் ஃபியட் குரோமாவும் 1989-இல் ஆடி 100-உம் அந்த அறையைக் கைவிட்டு, எரிபொருளை நேரடியாகப் பிஸ்டன் தலைக்கு மேல் பீய்ச்சின. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156-உம் மெர்சிடிஸ் சி 220 சி.டி.ஐ.-யும், எல்லா இன்ஜெக்டர்களுக்குமான எரிபொருளை ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயில் உயரழுத்தத்தில் தேக்கி வைக்கும் காமன் ரெயில் முறையைச் சாலைக்குக் கொண்டுவந்தன. ஃபியட் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்து பாஷ் நிறுவனத்தின் கைக்குப் போன அந்த முறையின் வாரிசுதான் இன்றைய எல்லா டீசல் கார்களிலும் இருக்கிறது.

மேற்கு ஐரோப்பாவில் ஒரு கட்டத்தில் புதிதாக விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல் வண்டிகள். பல நாடுகளில் டீசல் மீதான வரி பெட்ரோலைவிடக் குறைவு. கார்பன் டை ஆக்சைடைக் குறைக்கும் அரசுகளின் அவசரத்துக்கும் டீசல் கைகொடுத்தது. விலை வேறிடத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. பெட்ரோல் எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் சரிவிகிதத்தில் எரிப்பதால், அதன் புகையை மூவழி வினையூக்கி என்ற ஒரே பெட்டி சுத்தம் செய்துவிடும். டீசலோ எப்போதும் தேவைக்கு மிஞ்சிய காற்றோடு எரிவது. புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும்வரை அந்தப் பெட்டியால் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்க முடியாது. சுடரின் வெப்பம் ஏறத்தாழ 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து அந்த ஆக்சைடுகளாகும். சுடரைக் குளிர வைத்தால் அது குறையும். ஆனால் எரியாத கரி மிஞ்சிப் புகைக்கரியாக வெளியேறும். ஒன்றை அமுக்கினால் மற்றொன்று எழும் இந்த இழுபறி டீசலோடு கூடவே பிறந்தது.

ஐரோப்பியச் சட்டங்கள் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே நெருக்கின. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடு 2000-ஆம் ஆண்டின் யூரோ 3 விதியில் 500 மில்லிகிராம், 2005-இல் 250, யூரோ 5-இல் 180, 2014-இன் யூரோ 6-இல் 80. 2015 செப்டம்பரில், ஃபோக்ஸ்வாகன் சோதனைக்கூடத்தில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை வைத்திருந்தது அமெரிக்காவில் வெளியானது. அதன் பின் ஐரோப்பாவில் காரின் பின்புறம் அளவுக்கருவியை மாட்டி உண்மையான சாலையில் ஓட்டிப் பார்க்கும் சோதனை 2017 முதல் கட்டாயமானது. ஓ.எம். 654 அந்தச் சாலைச் சோதனை வரப்போகிறது என்று தெரிந்தே வரையப்பட்ட எஞ்சின். இதைத் தயாரித்த நிறுவனமும் முந்தைய தலைமுறை எஞ்சின்களின் மென்பொருள் தொடர்பான வழக்கில் 2020-இல் அமெரிக்க அரசுத் தரப்புகளுக்குச் சுமார் 150 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பழைய எஞ்சினை வைத்துக்கொண்டு புதிய விதியைச் சமாளிக்க முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இனி உடம்பு. முந்தைய ஓ.எம். 651-இன் பிளாக் வார்ப்பிரும்பு. டீசலின் உள்ளழுத்தம் பெட்ரோலைவிட மிக அதிகம் என்பதால் நெடுங்காலம் இரும்பே பாதுகாப்பானது என்று கருதப்பட்டது. 654-இல் பிளாக் அலுமினியம். ஒரு சிலிண்டரின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு உள்ள தூரம் 94 மில்லிமீட்டரிலிருந்து 90 ஆகச் சுருங்கியது. சிலிண்டர்களுக்கு இடையே எஞ்சியிருக்கும் சுவர் வெறும் 8 மில்லிமீட்டர். எஞ்சின் குட்டையானதால் அதே பிளாக்கைக் காருக்கு நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைக்க முடிந்தது.

அலுமினியத்தின் மேல் பிஸ்டன் ரிங் நேரடியாக உரசினால் சீக்கிரமே தேய்ந்துவிடும். வழக்கமான தீர்வு, உள்ளே சில மில்லிமீட்டர் கனமுள்ள வார்ப்பிரும்பு லைனரைச் செருகுவது. அப்படிச் செய்தால் சிலிண்டர்களை இவ்வளவு நெருக்கி வைக்க முடியாது, எடையும் கூடும். இங்கே லைனரே கிடையாது. நானோஸ்லைடு என்று நிறுவனம் பெயரிட்டிருக்கும் முறையில், இரும்பும் கார்பனும் கலந்த இரண்டு கம்பிகளை மின்வில்லில் உருக்கி, அந்த உருகலை வாயுவின் வேகத்தில் சிலிண்டர் சுவர் மேல் தெளிக்கிறார்கள். படியும் இரும்பு அடுக்கின் கனம் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர்தான். பிறகு அதை ஹோனிங் செய்து கண்ணாடிபோல் வழவழப்பாக்கும்போது, தெளிப்பில் உண்டான நுண்ணிய துளைகள் மேற்பரப்பில் திறந்துகொள்கின்றன. பழைய சிலிண்டரில் எண்ணெயைப் பிடித்து வைப்பதற்காகக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போடுவார்கள். பழைய பட்டறை மெக்கானிக் அந்தக் கீறல் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தே ரீபோர் வேண்டுமா என்று சொல்லிவிடுவார். இங்கே எண்ணெய் நிற்பது அந்தத் துளைகளில். பார்வைக்கு வழவழப்பான சுவர், உரசலுக்கு மட்டும் எண்ணெய்க் குழிகள் நிறைந்த சுவர்.

அடுத்தது பிஸ்டன். இந்த எஞ்சினைப் பற்றி நினைவில் வைக்க வேண்டிய ஒன்று என்றால் அது இதுதான். நூறாண்டுப் பழக்கத்தில் கார் பிஸ்டன் என்றாலே அலுமினியம். எஃகுப் பிஸ்டன் லாரிக்கு உரியது. மெர்சிடிஸ் 2014-இல் ஆறு சிலிண்டர் வி-6 டீசலில் எஃகுப் பிஸ்டனை வைத்துப் பார்த்தது. 654-இல் அது நான்கு சிலிண்டருக்கு வந்தது. எஃகு அலுமினியத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அடர்த்தி கொண்டது. எடை குறைக்கப் பாடுபட்ட எஞ்சினில் இது முரணாகத் தோன்றும்.

காரணம் விரிவடைவதில் இருக்கிறது. 82 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியத் துளை 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.17 மில்லிமீட்டர் அகலும். அதே அளவு சூடேறும் எஃகுப் பிஸ்டன் 0.10 மில்லிமீட்டர்தான் விரியும். எஞ்சின் சூடாகச் சூடாக இரண்டுக்கும் இடைவெளி அதிகரித்து, உரசல் குறைகிறது. பழைய அமைப்பைப் புரட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: இரும்புத் துளை சுமார் 0.09 மில்லிமீட்டர் அகலும்போது அலுமினியப் பிஸ்டன் 0.17 விரியும். போதாததற்குப் பிஸ்டன் எப்போதும் சுவரைவிடச் சூடாகவே இருக்கும். சூட்டில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் குளிரில் தாராளமாக இடைவெளி விட்டாக வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பிஸ்டன் சுவரில் தட்டும் ஓசை அதனால்தான். எஃகும் அலுமினியமும் இடம் மாறியதும் அந்தக் கட்டாயம் நீங்கியது. குளிரில் இறுக்கமாக வைத்துக்கொள்ளலாம், சூட்டில் தானே தளரும்.

வலிமை இன்னொரு ஆதாயம். எரியும்போது உள்ளே ஏறத்தாழ 200 பார் அழுத்தம் எழுகிறது. எஃகு அதைத் தாங்க அவ்வளவு தடிமன் வேண்டியதில்லை. பிஸ்டன் பின்னுக்கு மேலுள்ள உயரத்தைக் குறைத்துக் குட்டையாகச் செய்யலாம். குட்டையானதால் எடையும் கட்டுக்குள் வருகிறது, எஞ்சினின் மொத்த உயரமும் இறங்குகிறது. மூன்றாவது, எஃகு வெப்பத்தைக் கடத்துவது அலுமினியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எரிப்பில் பிறந்த சூடு பிஸ்டன் வழியாக எண்ணெய்க்கு ஓடிப்போகாமல் அறைக்குள்ளேயே தங்கி வேலை செய்கிறது. இந்த மூன்றாவது ஆதாயத்துக்கு ஒரு பின்விளைவும் உண்டு. பிஸ்டன் தலை மிகச் சூடாகிவிடும். அதனால் பிஸ்டனுக்குள் வளையமாக ஒரு கால்வாய் குடைந்து, கீழிருந்து எண்ணெயைப் பீய்ச்சிக் குளிர்விக்கிறார்கள்.

பிஸ்டன் தலையில் உள்ள கிண்ணத்தின் வடிவமும் மாறியது. முந்தைய எஞ்சின்களில் அது ஓமேகா எழுத்தை ஒத்த வளைவு. இங்கே விளிம்புக்குக் கீழே ஒரு படி வைத்திருக்கிறார்கள். பீய்ச்சப்பட்ட எரிபொருள் அந்தப் படியில் மோதியதும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி கிண்ணத்துக்குள் சுழல, மற்றது மேலே ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவிலுள்ள காற்றைத் தேடிப்போகிறது. ஒரே இடத்தில் எரிபொருள் குவிந்தால் கரி. பரவலாக எரிந்தால் கரி குறைவு. கரி குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடுக்கு எதிரான நடவடிக்கைகளை இன்னும் தாராளமாக எடுக்கலாம். இழுபறியில் ஒரு பக்கம் கொஞ்சம் இடம் கிடைக்கிறது என்பதே இதன் பொருள்.

அந்த எரிபொருள் எவ்வளவு? மணிக்கு 100 கிலோமீட்டரில், எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழல, 100 கிலோமீட்டருக்கு 4.5 லிட்டர் எடுக்கும் கார் ஒன்றை வைத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து நிமிடத்துக்கு 3,000 முறை, மணிக்கு 1,80,000 முறை எரிகின்றன. ஒவ்வொரு எரிப்புக்கும் வருவது 25 கன மில்லிமீட்டர். சொட்டு மருந்துக் குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டில் ஏறத்தாழப் பாதி. இதையும் ஒரே மூச்சில் பீய்ச்சுவதில்லை. ஒன்றிரண்டு கன மில்லிமீட்டரை முன்கூட்டியே விட்டு அறையைப் பதப்படுத்தி, பிறகு முக்கியப் பீய்ச்சல், தேவையானால் அதற்குப் பின் ஒரு சிறு பீய்ச்சல். முன்பீய்ச்சல் இல்லாவிட்டால் மொத்த எரிபொருளும் ஒரே சமயத்தில் வெடித்து, பழைய டீசல் வண்டியின் படபடப்பு காதைத் துளைக்கும்.

ஓ.எம். 654-இல் ரெயிலின் அழுத்தம் 2,050 பார். ஒரு சதுர சென்டிமீட்டரின் மேல் இரண்டு டன் எடையை ஏற்றி வைத்தது போன்ற விசை அது. 1997-இன் முதல் காமன் ரெயிலில் 1,350 பார். இன்ஜெக்டரின் துளைகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றை ஒட்டிய அளவு. அழுத்தம் கூடினால் துளையைச் சிறிதாக்கலாம்; துளை சிறுத்தால் தூவல் நுண்ணியதாகும்; நுண்ணிய தூவல் விரைவில் ஆவியாகிக் காற்றோடு கலக்கும். இவ்வளவு சிறிய துளைகளோடும் இடைவெளிகளோடும் வேலை செய்யும் கருவிக்குத் தண்ணீர் கலந்த அல்லது தூசு படிந்த டீசல் எமன். டீசல் ஃபில்டரை மாற்றுவதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது என்று மெக்கானிக்குகள் சொல்வதன் காரணம் இதுதான்.

காற்றுப் பக்கத்தில், இறகுகளின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் டர்போ ஒன்று இருக்கிறது. குறைந்த சுற்றில் இறகுகள் நெருங்கிப் புகையின் வேகத்தைக் கூட்டும். அதிகச் சுற்றில் விலகி வழிவிடும். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1990-களிலிருந்தே ஐரோப்பிய டீசல்களில் பழகிப்போன ஏற்பாடு.

புகையின் ஒரு பகுதியை மறுபடி உள்ளே அனுப்பும் ஈ.ஜி.ஆர். அப்படியல்ல, அங்கே புதுமை இருக்கிறது. எரிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் சூட்டை உறிஞ்சிக்கொள்பவை. அதைக் காற்றோடு கலந்தால் சுடரின் உச்ச வெப்பம் இறங்கி, நைட்ரஜன் ஆக்சைடு குறையும். 654-இல் இதற்கு இரண்டு வழிகள். ஒன்று டர்போவுக்கு முன்னாலிருந்து எடுக்கும் உயரழுத்த வழி. உடனடியாக வேலை செய்யும், ஆனால் அந்தப் புகையில் கரி நிறைந்திருக்கும், டர்போவைச் சுழற்ற வேண்டிய சக்தியும் அதோடு போய்விடும். மற்றது வடிகட்டியைத் தாண்டிய பிறகு எடுக்கும் தாழ்வழுத்த வழி. புகை சுத்தமாகவும் குளிர்ந்தும் இருக்கும், டர்போவுக்கு நட்டமில்லை. எஞ்சினின் சூட்டுக்கும் சுமைக்கும் ஏற்ப இரண்டையும் கலந்து பயன்படுத்துவது கட்டுப்பாட்டுக் கணினியின் வேலை. உயரழுத்த வழியை மட்டும் நம்பியிருந்த பழைய எஞ்சின்களின் இன்டேக் குழாயைக் கழற்றிப் பார்த்தால், உட்சுவரில் எண்ணெயும் கரியும் குழைந்து தார்போல் படிந்திருப்பதைக் காணலாம்.

இதுவரை சொன்னவை எல்லாம் எஞ்சினின் திறனைக் கூட்டுபவை அல்லது சுடரைத் தணிப்பவை. இரண்டுக்கும் சேர்ந்து ஒரு பொது விளைவு உண்டு: புகைக்குழாய் வழியாக வெளியே போகும் சூடு குறைகிறது. சுத்திகரிப்புப் பெட்டிகளுக்கோ சூடு இல்லாமல் வேலை ஓடாது. நகர நெரிசலில் ஊர்ந்துபோகும் டீசல் காரின் புகை பெரும்பாலும் 150 முதல் 200 டிகிரியில்தான் இருக்கும்; நைட்ரஜன் ஆக்சைடைச் சிதைக்கும் வினையூக்கி ஒழுங்காக இயங்கத் தொடங்குவதே 200 டிகிரியை ஒட்டித்தான். எஞ்சின் எவ்வளவு திறமையானதோ அவ்வளவு குளிர்ந்தது அதன் புகை. எஞ்சினைச் செய்தவர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட சிக்கல் இது.

முந்தைய கார்களில் சுத்திகரிப்புப் பெட்டிகளில் சில தரையடியில், இருக்கைகளுக்குக் கீழே தொங்கின. புகை அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். 654-இல் எல்லாப் பெட்டிகளையும் எஞ்சினின் உடம்போடு ஒட்டி வைத்துவிட்டார்கள். எஞ்சின் சிறுத்துப்போனதால்தான் இதற்கு இடம் கிடைத்தது. 90 மில்லிமீட்டர் இடைவெளியும் குட்டைப் பிஸ்டனும் இங்கே வந்து பலன் தருகின்றன. டர்போவை விட்டு வெளியேறும் புகை முதலில் ஆக்சிஜனேற்ற வினையூக்கிக்குள் நுழைகிறது. எரியாத ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் அங்கே எரிந்துபோகின்றன. நைட்ரிக் ஆக்சைடின் ஒரு பகுதி நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுகிறது. அடுத்து ஆட்புளூ பீய்ச்சப்படும் கலவைக் குழல். ஆட்புளூ என்பது 32.5 விழுக்காடு யூரியாவும் மீதி தூய நீரும். இந்தியப் பெட்ரோல் பங்குகளில் டி.இ.எஃப். என்று வாளிகளில் விற்பதும் இதுவே. சூட்டில் யூரியா சிதைந்து அம்மோனியா வெளிவரும். அந்த அம்மோனியா வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சந்திக்கும்போது இரண்டும் சாதாரண நைட்ரஜனும் தண்ணீருமாகிவிடுகின்றன.

கேட்க எளிது. ஆனால் பீய்ச்சும் இடத்துக்கும் வினையூக்கிக்கும் நடுவில் இருப்பது ஒரு சாண் தூரம்கூடத் தேறாது. அதற்குள் திரவம் ஆவியாகி, அம்மோனியா பிரிந்து, புகை முழுவதும் சமமாகப் பரவ வேண்டும். சுவர் குளிர்ந்திருந்தால் யூரியா வெள்ளைக் கட்டியாகப் படிந்து வழியை அடைக்கும். அதனால் குழலுக்குள் புகையை வேகமாகச் சுழலவிட்டுத் திரவத்தைச் சிதறடிக்கும் உள்ளமைப்பு வைத்திருக்கிறார்கள். பீய்ச்சும் வால்வே புகையின் சூட்டில் கெட்டுவிடாமலிருக்க, அதைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. ஒரே அங்கத்தில் உள்ளே சூடும் வெளியே குளிர்ச்சியும்.

அதற்கடுத்த பெட்டி இரட்டை வேலை செய்கிறது. புகைக்கரி வடிகட்டி காரில் முதலில் வந்தது 2000-இல், பெஜோ 607-இல். அது நுண்துளைச் சுவர்கள் கொண்ட தேன்கூட்டு வடிவப் பீங்கான். ஒவ்வொரு குழலும் ஒரு முனையில் அடைபட்டிருப்பதால் புகை சுவரை ஊடுருவித்தான் வெளியேற முடியும், கரி தங்கிவிடும். 654-இல் அந்தச் சுவர்களின் மேலேயே நைட்ரஜன் ஆக்சைடைச் சிதைக்கும் வினையூக்கியைப் பூசியிருக்கிறார்கள். ஒரே பெட்டியில் கரியும் பிடிபடுகிறது, ஆக்சைடும் சிதைகிறது. இடம் மிச்சம், சூடும் மிச்சம். அதன் பின்னால் எஞ்சியதைக் கவனிக்க இன்னொரு சிறு வினையூக்கி.

வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்கு 600 டிகிரியை ஒட்டிய சூடு தேவை. எஞ்சின் தானாக அவ்வளவு சூட்டைத் தராது என்பதால், கணினி சில நிமிடங்களுக்குப் பின்பீய்ச்சலாகக் கொஞ்சம் டீசலை விட்டு, அது ஆக்சிஜனேற்ற வினையூக்கியில் எரிந்து புகையைச் சூடாக்கும்படி செய்கிறது. வண்டி எப்போதும் இரண்டு கிலோமீட்டர் போய் அணைந்துவிடுமானால் இந்தச் சுத்திகரிப்பு முடிவதே இல்லை. பாதியில் நின்ற முயற்சிகளின் டீசல் சிலிண்டர் சுவர் வழியே எண்ணெயில் கலக்கும். டீசல் காரை வாரத்துக்கு ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டும் என்ற அறிவுரை இதிலிருந்து வந்தது. நகரத்துக்குள் மட்டும் ஓடும் காருக்கு இந்த எஞ்சின் பொருந்தாது என்று நேராகவே சொல்லிவிடலாம்.

எரிபொருளில் கந்தகம் இருந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் பாழாகும்; கந்தகம் வினையூக்கிகளின் மேல் ஏறி அவற்றைச் செயலிழக்கச் செய்யும். ஐரோப்பாவில் டீசலில் கந்தகத்தின் உச்ச அளவு பத்து லட்சத்தில் 10 பங்கு. இந்தியாவில் அந்த அளவு 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதியோடு நாடு முழுவதும் வந்தது. அதற்கு முன் 50 பங்கு வரை இருந்தது. ஐரோப்பாவின் அதே சுத்திகரிப்புப் பெட்டிகளை இந்தியச் சாலையில் நம்பி ஓட்ட முடிந்தது அந்த எரிபொருள் மாற்றத்துக்குப் பிறகுதான்.

இயந்திர அமைப்பில் சில செய்திகள் மிச்சம். டைமிங் செயின் எஞ்சினின் முன்புறத்தில் இல்லாமல் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டின் முறுக்கதிர்வு ஃப்ளைவீல் இருக்கும் அந்த முனையில்தான் குறைவு. செயின் அமைதியாக ஓடும். செயினையே மாற்ற வேண்டி வந்தால் எஞ்சினை இறக்க வேண்டுமே என்ற பட்டறைக்காரர்களின் முணுமுணுப்பும் நியாயமானதே. நான்கு சிலிண்டர் வரிசையின் இயல்பான அதிர்வை அடக்க, கிராங்கைப்போல் இரு மடங்கு வேகத்தில் சுழலும் இரண்டு சமநிலைத் தண்டுகள் உண்டு. சிலிண்டர்களின் மையக்கோடு கிராங்கின் மையத்திலிருந்து சற்றே விலகி இருக்கிறது. எரிப்பின்போது கனெக்டிங் ராடு நிமிர்ந்து நிற்பதால் பிஸ்டன் பக்கவாட்டில் சுவரை அழுத்துவது குறைகிறது. பூச்சு, எஃகுப் பிஸ்டன், இந்த விலகல் எல்லாம் சேர்ந்து உள்ளுரசல் முந்தைய எஞ்சினைவிடச் சுமார் கால் பங்கு இறங்கியது என்பது நிறுவனத்தின் கணக்கு.

2017-இல் இதே அடித்தளத்தில் ஆறு சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும் ஓ.எம். 656 வந்தது, ரெயில் அழுத்தம் 2,500 பார். அதில் வால்வு எழும் அளவை மாற்றும் கேம் ஏற்பாடு சேர்ந்தது. திறனைக் கூட்டுவதற்காக அல்ல. குளிரில் ஸ்டார்ட் செய்ததும் புகையைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக.

நான்கு சிலிண்டரின் அடுத்த பதிப்பு 2020-இல் வெளியான ஓ.எம். 654 எம். பிஸ்டன் ஓட்டம் 94.3 மில்லிமீட்டராக நீண்டு, கொள்ளளவு 1,992 கன சென்டிமீட்டர் ஆனது. அழுத்தம் 2,700 பார், திறன் 195 கிலோவாட். அதோடு 15 கிலோவாட் உதவும் 48 வோல்ட் மோட்டார். ஒரே டர்போ போதாமல் இரண்டு. இவ்வளவு திறனில் பிஸ்டன் தலையின் சூடு மறுபடி தலைவலியானது. எஃகுப் பிஸ்டனுக்குள் இருக்கும் கால்வாயில் எண்ணெய்க்குப் பதிலாகச் சோடியத்தை அடைத்து மூடினார்கள். 98 டிகிரியில் உருகிவிடும் அந்த உலோகம், பிஸ்டன் ஏறி இறங்கும்போது உள்ளே குலுங்கிக்கொண்டே உச்சிச் சூட்டைக் கீழே இறக்குகிறது.

புகைப் பக்கத்திலும் ஒரு திருத்தம் நடந்தது. எஞ்சினோடு ஒட்டிய பெட்டி நகரத்தின் குளிர்ந்த புகைக்கு ஏற்றது. ஆனால் மலையேற்றத்திலோ ஆட்டோபானின் உச்ச வேகத்திலோ, வடிகட்டி கரியை எரித்துக்கொண்டிருக்கும்போதோ அதே பெட்டி அளவுக்கு மீறிச் சூடாகிறது. அம்மோனியா தன் வேலையைச் செய்யுமுன் எரிந்து வீணாகிறது. அதற்காகத் தரையடியில் இரண்டாவது வினையூக்கியும் அதற்கெனத் தனி ஆட்புளூ வால்வும் வைக்கப்பட்டன. ஃபோக்ஸ்வாகனும் தன் இரண்டு லிட்டர் டீசலில் இதே இரட்டைப் பீய்ச்சல் முறைக்குப் போயிருக்கிறது. ஆறிப்போகிறது என்று முன்பு கைவிடப்பட்ட தரையடி இடம், ஆறிய புகை வேண்டும் என்ற காரணத்துக்காகவே மறுபடி பயன்பாட்டுக்கு வந்தது. சாலையின் சுமைக்கேற்பக் கணினி முதல் வால்வையோ இரண்டாவதையோ இரண்டையும் சேர்த்தோ திறக்கிறது.